பூலாக்: அச்சு எழுத்துகள் பிறந்த பேட்டை

நமது அரபுக் கல்லூரிகளின் பழைய நூலக அலமாரிகளைத் திறந்து பார்த்தவர்கள் அந்த எழுத்துகளை மறந்திருக்க மாட்டார்கள். பழுப்பேறிய தாள், நெருக்கமாக அடுக்கப்பட்ட வரிகள், நடுவில் ஒரு கிதாபு, அதைச் சூழ்ந்த ஓரத்தில் மற்றொரு கிதாபு. முகப்பிலோ இறுதிப் பக்கத்திலோ பூலாக் அமீரிய்யா அச்சகத்தின் பெயர் காணப்படும். நாங்கள் ஓதிய காலத்தில், பாடத்தில் ஒரு சொல்லைப் பற்றி ஐயம் எழுந்தால் உஸ்தாது அவர்கள், "பூலாக் பிரதியை எடுத்து வாருங்கள்" என்பார்கள். அப்பிரதி வந்துவிட்டால் விவாதம் முடிந்துவிடும்.

பூலாக் என்பது ஓர் அச்சகத்தின் பெயர் என்றே நெடுங்காலம் நான் எண்ணியிருந்தேன். முதுகலைப் படிப்புக்காக எகிப்திய வரலாற்றைப் புரட்டியபோதுதான் அது ஓர் ஊர் என்பதும், துறைமுகமாகவும் தொழிற்பேட்டையாகவும் விளங்கிப் பின்னர் ஏழை எளியோரின் குடியிருப்பாக மாறிய கெய்ரோ நகரின் ஒரு பகுதி என்பதும் தெரிய வந்தது. நாம் நன்றியுடன் புரட்டும் நூல்களை ஈன்ற அவ்வூரின் கதையை நாம் அறிந்துகொள்ள வேண்டாமா? இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

நைல் தந்த நிலம்

பூலாக் நிலைகொண்டிருக்கும் மண் ஒரு காலத்தில் நைல் நதியின் படுகையாக இருந்தது. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் நதி சிறிது சிறிதாக மேற்கு நோக்கி விலகியது. அது விட்டுச் சென்ற வண்டல் முதலில் தீவாகவும் பிறகு கரையோடு இணைந்த சமவெளியாகவும் ஆனது. மம்லூக் சுல்தான் அந்-நாஸிர் முஹம்மது இப்னு கலாவூன் ஆட்சியில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இப்புதிய நிலத்தில் வீடுகளும் தோட்டங்களும் எழும்பின. எகிப்தின் இடவரலாற்றை எழுதிய அல்-மக்ரீஸீ (மறைவு 1442) இவ்வளர்ச்சியைத் தமது 'கிதத்' நூலில் பதிவு செய்துள்ளார்.

நெப்போலியனுடன் வந்த பிரெஞ்சுக்காரர்கள் இவ்விடத்தின் அழகைக் கண்டு 'போ லாக்' (அழகிய ஏரி) என்று அழைத்ததாகவும், அதுவே பூலாக் என மருவியதாகவும் ஒரு கதை உலவுகிறது. பிரெஞ்சுப் படை வருவதற்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்ட மக்ரீஸீயின் நூலில் இப்பெயர் இடம்பெற்றிருப்பதால் அக்கதைக்கு அடிப்படை இல்லை.

15ஆம் நூற்றாண்டில் சுல்தான் பர்ஸ்பாய் செங்கடல் வழியாக வரும் நறுமணப் பொருள் வணிகத்தை அரசின் பிடிக்குள் கொண்டுவந்தார். அக்காலம் தொட்டு, ஃபுஸ்தாதை அடுத்திருந்த பழைய துறையைப் பின்னுக்குத் தள்ளிப் பூலாக் கெய்ரோவின் முதன்மை நதித் துறைமுகமாக உயர்ந்தது. அலெக்சாந்திரியா, ரஷீத், திம்யாத் ஆகிய கடற்கரை நகரங்களுக்குச் செல்லும் படகுகள் இங்கிருந்தே புறப்பட்டன. நமது மலையாளக் கரையிலிருந்து சென்ற மிளகும் இத்துறையைக் கடந்துதான் மத்தியதரைக் கடலை அடைந்தது.

கீழே கிடங்கு, மேலே வீடு

துறைமுகம் வளர வளர, 'வகாலா' எனப்படும் பெரும் வணிகக் கட்டடங்கள் பெருகின. நடுவே முற்றம், சுற்றிலும் சரக்கறைகள், அவற்றுக்கு மேல் வணிகர்கள் தங்கும் அறைகள் என்பது அவற்றின் அமைப்பு. பல வகாலாக்களின் மேல்தளத்தில் 'ரப்உ' எனப்படும் வாடகைக் குடியிருப்புகள் இருந்தன. கீழே அரிசி, ஆளி நார், சர்க்கரை மூட்டைகள்; மேலே அவற்றைச் சுமக்கும் தொழிலாளியின் குடும்பம்! தொழிற்பகுதி, குடியிருப்புப் பகுதி என்று இன்றைய நகரத் திட்டங்கள் வகுக்கும் வேறுபாடு அன்று இல்லை என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும். பின்னர் இதனைக் குறித்துப் பேச வேண்டியிருக்கும்.

இக்கட்டடங்களில் பல வக்ஃபுச் சொத்துகள். அவற்றின் வாடகை பள்ளிவாசல்களையும் மதரஸாக்களையும் பேணியது. காழீ யஹ்யா ஸைனுத்தீன் 15ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுப்பிய பள்ளிவாசலும், அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இறைநேசர் ஹுஸைன் அபுல் அலா (ரஹ்) அவர்களின் பெயரால் எழுந்த பள்ளிவாசலும் பூலாக்கின் மம்லூக் கால அடையாளங்கள். இவ்வூர் இன்று 'பூலாக் அபுல் அலா' என்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. உஸ்மானிய ஆளுநர் சினான் பாஷா 1571இல் இங்குக் கட்டிய பள்ளிவாசல், ஒற்றைப் பெருங்குவிமாடத்துடன் துருக்கிய பாணியில் அமைந்தது. அதனுடன் வகாலாக்களையும் பொதுக் குளியலறையையும் அவர் கட்டுவித்தார். வணக்கத் தலமும் வணிகத் தலமும் ஒன்றையொன்று தாங்கி நின்ற முறைக்கு இது நல்ல சான்றாகும்.

எரிந்த ஊர்

1798இல் எகிப்தைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் படையினர் கெய்ரோவின் அஸ்பகிய்யாவிலிருந்து பூலாக்குக்கு நேரான சாலை ஒன்றை அமைத்தனர். 1800ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் கெய்ரோ மக்கள் இரண்டாம் முறையாக அந்நியருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது பூலாக் முன்னணியில் நின்றது. ஹாஜி முஸ்தஃபா அல்-பஷ்தீலீ என்ற உள்ளூர்ப் பிரமுகர் மக்களுக்குத் தலைமை தாங்கினார். ஏப்ரல் மாதத்தில் தளபதி கிளேபரின் படை பூலாக்கைப் பீரங்கியால் தகர்த்து, உட்புகுந்து, கிடங்குகளைச் சூறையாடித் தீயிட்டது. அல்-பஷ்தீலீ பிடிபட்டு உயிரிழந்தார்.

இக்கொடுமையை நேரில் அறிந்து எழுதியவர் அஸ்ஹரின் அறிஞர் அப்துர் ரஹ்மான் அல்-ஜபர்தீ. தெருக்களில் கிடந்த பிணங்களையும் சாம்பலான வீடுகளையும் அவருடைய 'அஜாயிபுல் ஆஸார்' உருக்கத்துடன் பதிவு செய்கிறது. இந்நூலின் பின்கதையையும் விரைவில் காண்போம்.

பாஷாவின் ஆலைகள்

1805இல் ஆட்சிக்கு வந்த முஹம்மது அலீ பாஷா, சாம்பலாகிக் கிடந்த இத்துறையைத் தம் தொழில் திட்டங்களின் மையமாக்கினார். நதிக்கரை, போக்குவரத்து வசதி, தலைநகரின் அண்மை ஆகிய மூன்றும் அதற்குக் காரணம். முதலில் எழுந்தது கப்பல் கட்டும் துறை. அரபுத் தீபகற்பத்தின் மீது படையெடுக்கச் செங்கடலில் கப்பல்கள் தேவைப்பட்டன. 1810 வாக்கில் பூலாக்கில் மரங்களை அறுத்து உறுப்புகளாகச் செதுக்கி, அவற்றை ஒட்டகங்களின் மீதேற்றிப் பாலைவனம் கடந்து சுயஸுக்குக் கொண்டு சென்று, அங்கே கப்பல்களாகப் பூட்டினர். அதற்காக நாடெங்கும் மரங்கள் வெட்டப்பட்டதை ஜபர்தீ மனக்கசப்புடன் குறிப்பிடுகிறார்.

அடுத்து நூற்பாலைகளும் நெசவாலைகளும் துணி வெளுக்கும் தளமும் வந்தன. மால்டாத் தீவினர் பலர் பணிபுரிந்தமையால் ஓர் ஆலைக்கு 'மால்டா' என்றே பெயர் வழங்கிற்று. ஆங்கிலப் பொறியாளர் காலோவே என்பாரின் மேற்பார்வையில் இரும்பு வார்ப்பாலை ஒன்று அமைந்தது. 1834இல் 'முஹந்திஸ்கானா' எனும் பொறியியல் பள்ளி தொடங்கப்பட்டது.

இவ்வாலைகளில் உழைத்தவர்கள் யாவர்? விரும்பி வந்தோர் சிலரே. கிராமங்களிலிருந்து படைக்கு ஆள் பிடிப்பதைப் போலவே ஆலைக்கும் ஆள் பிடித்தனர். கைவினைஞர்கள் தம் தறிகளை விட்டு அரசின் தறிக்கு வரக் கட்டாயப்படுத்தப்பட்டனர். கூலி குறைவு, அதுவும் பல வேளைகளில் நிலுவையில் நின்றது. தப்பியோடியவர்கள் ஏராளம். பாஷாவைப் 'புதிய எகிப்தின் சிற்பி' என்று போற்றும் நூல்கள் இப்பக்கத்தை விரைந்து கடந்துவிடுகின்றன.

ஆலைகள் நெடுநாள் நிலைக்கவில்லை. உஸ்மானிய அரசு பிரிட்டனுடன் 1838இல் செய்துகொண்ட வணிக உடன்படிக்கை, பாஷாவின் தனியுரிமை வணிகத்துக்கு முடிவு கட்டியது. 1841ஆம் ஆண்டின் அரசாணை எகிப்தியப் படையை 18,000 பேராகச் சுருக்கியது. ஆலைகளின் பெரிய வாடிக்கையாளர் படையே ஆதலால் அவற்றின் அடிப்படை தகர்ந்தது. ஐரோப்பிய வல்லரசுகளின் சூழ்ச்சியே எகிப்தியத் தொழில்துறையை அழித்தது என்று நம்மவர் பலர் எழுதுவதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. முழு உண்மை இல்லை. எகிப்தில் நிலக்கரி இல்லை, விறகும் அரிது. பெரும்பாலான இயந்திரங்களை மாடுகளே சுழற்றின. மணலும் புழுதியும் பல்சக்கரங்களைத் தின்றன. கட்டாயத்தின் பேரில் வந்த தொழிலாளி இயந்திரத்தைப் பேணவில்லை. அந்நியரைக் குறை கூறுமுன், தன் குடிமக்களின் உழைப்பை அவர்களது விருப்பமின்றிப் பறித்த ஓர் ஆட்சியின் பலவீனத்தையும் நாம் எடைபோட வேண்டும். 1840களின் இறுதிக்குள் பல ஆலைகள் மூடப்பட்டன.

அச்சகமும் அஸ்ஹரும்

மூடப்படாமல் நிலைத்த ஒன்று அச்சகம். சிரியாவிலிருந்து வந்த கிறித்தவரான நிகூலா மஸாபகீ என்பவரை 1815இல் அச்சுத் தொழில் கற்க இத்தாலியின் மிலான் நகருக்கு அனுப்பினார் பாஷா. அவர் திரும்பிய பிறகு, 1820இல் அச்சகம் நிறுவப்பட்டது. முதல் நூல் 1822இல் வெளிவந்த இத்தாலிய-அரபு அகராதி. தொடக்கத்தில் இங்கு அச்சானவை பெரும்பாலும் போர்க்கலை, மருத்துவம், கணிதம் சார்ந்த மொழிபெயர்ப்புகள். துருக்கி மொழி நூல்களும் கணிசமாக இருந்தன. மார்க்க நூல்களுக்காகத் தோன்றிய அச்சகம் அன்று இது. படைக்கும் பள்ளிகளுக்கும் பாடநூல் தேவைப்பட்டதால் தோன்றியது.

அது நம் நூலகங்களுக்கு உரியதாக மாறிய விதம் சுவையானது. அச்சகத்துக்குப் பிழைதிருத்துவோர் தேவைப்பட்டனர். அரபு இலக்கணத்தில் துறைபோகியவர்கள் அஸ்ஹரில்தான் இருந்தனர். ஆகவே உலமாக்கள் 'முஸஹ்ஹிஹ்' என்ற பொறுப்பில் பூலாக்குக்கு வந்தனர். நஸ்ர் அல்-ஹூரீனீ, முஹம்மது கித்தா அல்-அதவீ, இப்ராஹீம் அத்-தஸூகீ ஆகியோர் இவ்வரிசையில் புகழ் பெற்றவர்கள். தஸூகீ அவர்கள் அகராதிக் கலைஞர் எட்வர்ட் லேனுக்கு அவருடைய பேரகராதிப் பணியில் பல்லாண்டு துணை நின்றவர். உலமாக்கள் அச்சை எதிர்த்தார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. திருக்குர்ஆனை இயந்திரத்தில் அச்சிடுவது குறித்துத் தயக்கம் நிலவியது உண்மையே. எனினும், பிரதிகளை ஒப்பிட்டு, பாடபேதங்களைத் தேர்ந்து, ஈய எழுத்துகளின் வரிகளைக் கண் நோகப் பார்த்துத் திருத்தியவர்களும் அதே உலமாக்களே என்பதைப் பூலாக் பதிப்புகளின் இறுதிப் பக்கங்கள் சான்று பகர்கின்றன.

1834இல் ரிஃபாஆ அத்-தஹ்தாவீயின் பாரிஸ் பயண நூலும், 1835இல் 'ஆயிரத்தொரு இரவுகள்' நூலும் இங்கு அச்சாயின. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 'முல்தஸிம்' எனப்படும் தனியார் தம் செலவில் நூல்களை அச்சிட்டுக்கொள்ளும் வழக்கம் பரவியது. பழம்பெரும் நூல்கள் வரிசையாக வெளிவர இதுவே வழி திறந்தது. மக்ரீஸீயின் கிதத் 1270ஆம் ஹிஜ்ரியிலும் இப்னு கல்தூனின் முகத்திமா 1857இலும் வந்தன. இப்னு மன்ழூரின் 'லிஸானுல் அரப்' 20 பாகங்களில், ஹிஜ்ரி 1300 முதல் 1308 வரை வெளியாயிற்று. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் ஆணைப்படி ஸஹீஹுல் புகாரியின் 'சுல்தானிய்யா' பதிப்பு ஹிஜ்ரி 1311–1313இல் உருவானது. யூனீனீ பிரதியை ஆதாரமாகக் கொண்ட இப்பதிப்பை அஸ்ஹரின் 16 உலமாக்கள் சரிபார்த்தனர். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை ஊர்களுக்கு மிக நெருக்கமான இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் 'அல்-உம்மு' நூலும், ஓரத்தில் முஸனீயின் முக்தஸரைத் தாங்கி, ஹிஜ்ரி 1321 முதல் இங்கேதான் முதன்முதலாக அச்சேறியது.

ஜபர்தீயின் நூலுக்கு வருவோம். முஹம்மது அலீயைக் கடுமையாக விமர்சித்த அந்நூல் நெடுங்காலம் வெளிவராமல் தடுக்கப்பட்டிருந்தது. ஹிஜ்ரி 1297இல் (1879–80) அது முழுமையாக அச்சானது. எங்கே? பாஷா நிறுவிய அதே பூலாக் அச்சகத்தில்! பூலாக் எரிந்ததைச் சொல்லும் பக்கங்களை, எரிந்த மண்ணில் எழுந்த அச்சகத்தின் தொழிலாளர்கள் எழுத்தெழுத்தாகக் கோத்தனர்.

அச்சகத்தின் வாழ்வும் சீரானதன்று. 1862இல் ஆளுநர் ஸஈத் பாஷா அதனை அப்துர் ரஹ்மான் ருஷ்தீ என்ற அதிகாரிக்கு வழங்கிவிட்டார். 1865இல் இஸ்மாயீல் பாஷா தம் குடும்பச் சொத்து நிர்வாகத்துக்காக அதனைத் திரும்ப வாங்கினார். 1880இல் மீண்டும் அரசுடைமையாயிற்று.

பேட்டை குடியிருப்பாகிறது

1850களில் அலெக்சாந்திரியாவையும் கெய்ரோவையும் இணைத்த இருப்புப்பாதை, பூலாக்கின் துறைமுகத் தொழிலுக்குப் பேரிடியாயிற்று. சரக்குகள் படகை விட்டு இரயிலேறின. ஆனால் அதே இருப்புப்பாதை பூலாக்குக்கு வேறொரு தொழிலைத் தந்தது. 'அனாபிர்' என்று மக்கள் அழைத்த இரயில்வே பணிமனைகள் இங்கு அமைந்தன. 1919இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான புரட்சி வெடித்தபோது, இப்பணிமனைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து முன்னணியில் நின்றனர். 1800இல் எழுந்த பூலாக்கின் குரல் மீண்டும் ஒலித்தது எனலாம்.

இதற்கிடையில் கெய்ரோவின் உருவம் மாறியது. இஸ்மாயீல் பாஷா 1860களில் பழைய நகருக்கும் பூலாக்குக்கும் இடையே அகன்ற வீதிகளுடன் புதிய நகர்ப்பகுதியை அமைத்தார். எதிர்க்கரையில் ஸமாலிக் தீவு செல்வந்தரின் வாழிடமாயிற்று. முன்பு நகருக்கு வெளியே இருந்த பூலாக், இரண்டு செல்வப் பகுதிகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டது. ஆலைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. தெற்கு எகிப்தின் 'ஸஈத்' பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் குறுகிய சந்துகளில் குடியேறினர். வகாலாக்களின் முற்றங்களும் வாழிடங்களாயின. சிறு பட்டறைகளும் பழைய இரும்புக் கடைகளும் 'வகாலத்துல் பலஹ்' எனும் பழந்துணிச் சந்தையும் அவர்களுக்குச் சோறிட்டன. அச்சகமும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நதியின் மேற்குக் கரையிலுள்ள இம்பாபாவுக்கு இடம்பெயர்ந்தது.

பெயர்த்தெடுக்கப்பட்டவர்கள்

பேட்டை குடியிருப்பாக மாறியதுடன் கதை முடியவில்லை. நதிக்கரை நிலத்தின் விலை ஏறியது. தொலைக்காட்சி நிலையம், வெளியுறவு அமைச்சகத்தின் கோபுரம், பன்னாட்டு விடுதிகள் ஆகியவை கரையோரம் வரிசையாக எழுந்தன. 1979 முதல் 1981 வரை, அன்வர் சாதாத்தின் ஆட்சியில், சுமார் 5,000 குடும்பங்கள் பூலாக்கின் ஒரு பகுதியிலிருந்து அகற்றப்பட்டு, ஸாவியா அல்-ஹம்ரா, ஐனு ஷம்ஸ் ஆகிய தொலைவான பகுதிகளின் அரசு அடுக்ககங்களில் குடியமர்த்தப்பட்டன. இம்மக்களிடையே வாழ்ந்து ஆய்வு செய்த ஃபர்ஹா கன்னாம் 2002இல் ஒரு நூல் வெளியிட்டார். தலைமுறைகளாக அடுத்தடுத்து வாழ்ந்த உறவினரும் அண்டை வீட்டாரும் சிதறியதையும், புதிய இடத்தில் பள்ளிவாசலே அறிமுகமற்றோரை ஒன்றுசேர்க்கும் இடமாக அமைந்ததையும் அந்நூல் விவரிக்கிறது.

2018இல் அடுத்த கட்டம் வந்தது. முன்பு இங்கிருந்த தொல்பொருள் அருங்காட்சியகத்துடன் தொடர்புடைய பிரெஞ்சு அறிஞர் மாஸ்பெரோவின் பெயரால் அழைக்கப்படும் முக்கோண வடிவப் பகுதி, ஏறத்தாழ முற்றிலும் இடிக்கப்பட்டது. 4,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அங்கு வாழ்ந்து வந்தன. பண இழப்பீடு, முகத்தம் குன்றுப் பகுதியின் அஸ்மராத் குடியிருப்பில் மாற்று வீடு, அல்லது கட்டுமானம் முடிந்தபின் அதே இடத்துக்குத் திரும்புதல் ஆகிய வழிகள் அவர்கள்முன் வைக்கப்பட்டன. திரும்பி வரும் வழியைத் தேர்ந்தவர்கள் சிறுபான்மையினரே. இன்று அவ்விடத்தில் உயர்ந்த அடுக்குமாடிக் கட்டடங்கள் நிற்கின்றன.

இடிந்து விழும் நிலையிலிருந்த வீடுகளில் மக்கள் வாழ்ந்தனர் என்பதையும், கழிவுநீர் வசதிக்கும் பாதுகாப்பான கூரைக்கும் அவர்கள் உரியவர்கள் என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் பட்டறை இருந்த தெருவிலேயே வீடும் இருந்ததால்தான் அம்மக்களின் வாழ்வாதாரம் நிலைத்திருந்தது. கீழே கிடங்கு, மேலே வீடு என்ற ஐந்நூறு ஆண்டுக்கால அமைப்பின் எளிய எச்சம் அது. தொலைவான குன்றில் நல்ல வீடு கிடைத்தவருக்கும், கடைத்தெருவுக்கு வந்து செல்லும் வண்டிக் கட்டணம் புதிய சுமையாகிவிடுகிறது. பழைய வக்ஃபு முறையில் கட்டடத்தின் வருமானம் பொது நன்மைக்கு என்று பிணைக்கப்பட்டிருந்தது. அக்கட்டடத்தில் வாழ்ந்தவர்களை விலக்கிவிட்டு நிலத்தை மட்டும் மதிப்பிடும் முறை அதிலிருந்து வெகு தொலைவு விலகி வந்துவிட்டது.

இன்று பூலாக்கின் பழைய அச்சு இயந்திரங்களை அலெக்சாந்திரியா நூலகத்தில் காட்சிப்பொருளாகக் காணலாம். அச்சகம் இம்பாபாவில் இருக்கிறது. மக்களில் ஒரு பகுதியினர் ஸாவியா அல்-ஹம்ராவிலும் வேறொரு பகுதியினர் அஸ்மராத்திலும் இருக்கின்றனர். சினான் பாஷாவின் பள்ளிவாசலும் அபுல் அலா பள்ளிவாசலும் பூலாக்கில் நிற்கின்றன. நூல்களோ உலகெங்கும், நமது ஊர்களின் அலமாரிகளிலும் உள்ளன.

பூலாக் பதிப்பு ஒவ்வொன்றின் இறுதியிலும் 'காதிமா' ஒன்று இருக்கும். ஆட்சியாளருக்கும் செலவிட்டவருக்கும் துஆச் செய்து, திருத்திய முஸஹ்ஹிஹ் தமக்காகவும் துஆ வேண்டுவார். எழுத்துக் கோத்தவர், ஈயம் உருக்கியவர், தாள் சுமந்தவர் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் அங்கு இருப்பதில்லை. அவர்கள் அப்பேட்டையின் சந்துகளிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்பியவர்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று எந்தக் குன்றில் வாழ்கிறார்களோ! என் மாணவர்கள் அல்-உம்மின் பூலாக் பிரதியைக் கையில் எடுக்கும் வேளையில் இவ்வூரின் கதையை இப்போது நான் அவர்களுக்குச் சொல்லி வருகிறேன். காதிமாவில் பெயர் இடம்பெறாத அவர்களையும் நம் துஆவில் சேர்த்துக்கொள்வது, அவர்கள் கோத்த எழுத்தால் கல்வி பெற்ற நம்மீதுள்ள கடன்.